கிடார் மரம்: மதுரையில் எங்கே அடுக்குவது, எந்த ஈரத்தில் ஒட்டுவது?

பழங்காநத்தம்_கிடார்

வணக்கம். முதல் அக்கூஸ்டிக் கிடாருக்கு மரம் சேர்த்துவிட்டேன். வேலையை ஆரம்பிக்கும் முன் இங்கே உள்ளவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று இந்த இழை. டாப்புக்கு (முன்பலகைக்கு) சிட்கா ஸ்ப்ரூஸ், ஒரே கட்டையில் அடுத்தடுத்து அறுத்த ஜோடி, நாலரை மி.மீ. கனம். பின்பலகைக்கும் சைடுக்கும் ஈட்டி மரம் (ரோஸ்வுட்). கழுத்துக்கு நம்மூர்த் தோப்பில் வளர்ந்த மகாகனி, இரண்டரை அங்குலக் கட்டை. அது போக நத்தத்திலிருந்து ஒரு பலாப் பலகை. மில்லில் அறுத்த ஈரம் இன்னும் அதில் காயவில்லை.

ஸ்ப்ரூஸ் பார்சல் மழை விட்ட ஒரு சாயங்காலம் வந்தது. பிளாஸ்டிக் உறையைப் பிரித்து ஒரு பலகையை மேசைமேல் கிடத்தினேன். காலையில் பார்த்தால் அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. இரண்டு ஓரமும் மேசையைத் தொட்டுக்கொண்டு, நடுவில் விரல் நுழையும் அளவு இடைவெளி. திருப்பிப் போட்டேன், மதியத்துக்குள் நேரானது. மறுநாள் எதிர்ப்பக்கமாக வளைந்தது.

வீட்டில் மூன்று இடம் இருக்கிறது: மொட்டை மாடித் தகரக் கொட்டகை, சமையலறைப் பரண், கீழே ஒரு படுக்கையறை. படுக்கையறையில் இரவில் மட்டும் ஏசி ஓடும். எங்கே வைப்பது, எவ்வளவு காலம் காயவிடுவது? மரக்கடையில் "வருஷக்கணக்கில் கிடக்கட்டும் தம்பி" என்கிறார்கள். யூடியூப்பில் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள்.

மேலூர்_தச்சர்

தம்பி, பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. உறைக்குள் காய்ந்த நிலையில் வந்திருக்கிறது. மேசையில் கிடத்தியதும் மேல்முகம் மட்டும் மழைக்காற்றின் ஈரத்தைக் குடித்து விரிந்தது. அடிமுகத்துக்குக் காற்றே போகவில்லை. அதனால்தான் நடு தூக்கிக்கொண்டது. இரண்டு முகத்துக்கும் ஒரே அளவு காற்று கிடைத்தால் வளையாது. மரம் அடுக்குவதில் மற்றதெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

ரீப்பர் (பலகைகளுக்கு நடுவே வைக்கும் மெல்லிய சட்டம்) போட்டு அடுக்கு. ரீப்பர் எல்லாம் ஒரே கனம் இருக்க வேண்டும். இழைத்து, கையில் எடுத்து ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்துவிட்டுப் போடு. நன்றாகக் காய்ந்த மரத்தில் செய்ததாக இருக்கட்டும்; பச்சை ரீப்பர் பட்ட இடத்தில் வெள்ளை ஸ்ப்ரூஸில் கறை விழும், இழைத்தாலும் போகாது. டாப் பலகை மாதிரி மெல்லியதற்கு அரை அங்குல ரீப்பர் போதும், அரை அடிக்கு ஒன்று. முக்கியமானது, மேலடுக்கு ரீப்பர் கீழடுக்கு ரீப்பருக்கு நேர் மேலே வர வேண்டும். அங்கே இங்கே தள்ளிப் போட்டால் மேலே வைக்கிற பாரம் பலகையை அலையலையாக வளைக்கும். கடைசியில் ஒரு தட்டையான பலகை வைத்து, அதன்மேல் இரண்டு மூன்று செங்கல். தரையிலிருந்து ஒரு அடி மேலே, சுவரிலிருந்து ஒரு கை அளவு தள்ளி. மழைக்காலத்தில் சுவர் ஊறியிருக்கும் வீடுகளில் சுவரை ஒட்டி அடுக்கவே கூடாது.

தகரக் கொட்டகை வேண்டவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் பகலில் அடுப்பு மாதிரி காயும், விடிகாலையில் குளிர்ந்து ஈரம் ஏறும். தினமும் இப்படி இழுத்து இழுத்து விட்டால் ஈட்டியின் முனையில் மயிரிழை வெடிப்பு வரும்.

பரண் பற்றிச் சொல்கிறேன். விறகடுப்பு எரிந்த காலத்தில் பரண் நல்ல இடம்தான். கலப்பைக்கட்டை, விதைச்சோளம் எல்லாம் அங்கேதான் இருக்கும். மெல்லிய சூடு, புகை; பூச்சி அண்டாது. இன்றைக்கு உன் பரணுக்குக் கீழே கேஸ் அடுப்பு. குக்கர் விசிலடிக்கிற ஒவ்வொரு தடவையும் நீராவி மேலே போய் மரத்தில்தான் இறங்கும். பெரியவர்கள் சொன்னது அன்றைய பரணுக்கு.

படுக்கையறைதான் மூன்றில் மேல்.

வைகைக்கரை_பொறியாளர்

தச்சர் ஐயா சொன்னதோடு கொஞ்சம் கணக்கும் சேர்க்கிறேன். இதில் எண்கள் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

மரம் சுற்றியிருக்கும் காற்றின் ஈரப்பதத்தோடு ஒத்துப்போகும் வரை ஈரத்தை வாங்கும், அல்லது விடும். நம்மூர் வெப்பத்தில், 30 டிகிரி பக்கத்தில் வைத்துக்கொண்டால், காற்றின் ஈரப்பதம் 45 சதவீதம் என்றால் மரத்தின் ஈரம் 8 சதவீதத்தில் நிற்கும். காற்று 60 என்றால் மரம் பத்தரை. 75 என்றால் 14. காற்று 80-ஐத் தொட்டால் மரம் பதினைந்தரை. மேலே போகப்போக ஏற்றம் வேகமாகிறது என்பதைக் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நடக்கும் சேதம் இதனால்தான்.

பச்சை மரத்தை முழுக்க உலர்த்தினால் சிட்கா ஸ்ப்ரூஸ் ஆரத்திசையில் (மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி) 4.3 சதவீதமும் தொடுதிசையில் (ஆண்டு வளையத்தை ஒட்டி) 7.5 சதவீதமும் சுருங்கும். நம் ஈட்டி 2.7, 5.8. ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்கு செங்குத்தாக நிற்கும்படி அறுத்த மரத்தைத்தான் கிடாருக்குக் கேட்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்: அகலத்தில் அசைவு ஏறத்தாழ பாதியாகிறது.

சரி, உங்கள் கிடாருக்கு வருவோம். டாப்பின் மிக அகலமான கீழ்ப்பகுதி 400 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் காற்று 75 இருக்கும்போது ஒட்டிவிட்டு, பிறகு அதே கிடார் 45 இருக்கும் அறைக்குப் போனால், மரம் 14-லிருந்து 8-க்கு இறங்கும். ஆறு சதவீத இறக்கம். ஸ்ப்ரூஸுக்கு ஒரு சதவீதத்துக்கு அகலத்தில் 0.148 சதவீதம் என்ற கணக்கில் மூன்றரை மி.மீ. சுருங்கப் பார்க்கும். ஆனால் டாப்பின் உள்முகத்தில் தாங்கலாகக் குறுக்கே ஒட்டிய பிரேஸ் குச்சிகள் தங்கள் நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்காது. பலகை இழுக்கும், குச்சி விடாது. எங்காவது கிழிந்துதான் ஆக வேண்டும்.

அதனால் "எத்தனை மாதம்" என்பதை விட "பிரேஸ் ஒட்டும் அன்று மரத்தில் எவ்வளவு ஈரம்" என்று கேளுங்கள். கிடாரின் ஆயுளை அதுதான் தீர்மானிக்கும்.

பழங்காநத்தம்_கிடார்

மிக்க நன்றி ஐயா, நன்றி சார். படுக்கையறையில் ரீப்பர் போட்டு அடுக்கிவிட்டேன். ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்கினேன். அது 62 காட்டுகிறது, கைபேசியில் வானிலை 78 என்கிறது. எதை நம்புவது?

சிம்மக்கல்_நரம்பு

கைபேசி சொல்வது வெளிக்காற்று. அதை விடுங்கள். மானியைச் சோதித்துப் பார்ப்பது எளிது தம்பி. பாட்டில் மூடி ஒன்றில் கல் உப்பு போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவு மட்டும் தண்ணீர் விடுங்கள், கரைந்து போகக் கூடாது. அந்த மூடியையும் மானியையும் காற்றுப் புகாத ஜிப் பையில் அல்லது சாப்பாட்டு டப்பாவில் ஒன்றாகப் போட்டு ஒரு நாள் விடுங்கள். உள்ளே காற்று 75-இல் நின்றுவிடும். மானி 70 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். விலை மலிவான மானிகளில் ஐந்தாறு பிசகு சாதாரணம்.

நான் நரம்புக் கருவிகள் பழுது பார்ப்பவன். மதுரையில் எந்தப் பருவத்தில் என்ன பழுது வரும் என்று நாள்காட்டி பார்க்காமல் சொல்லலாம். ஐப்பசி பிறந்ததும் "ஆக்‌ஷன் ஏறிவிட்டது, விரல் வலிக்கிறது" என்று வருவார்கள். டாப் வீங்கி, நரம்பைத் தாங்கும் பிரிட்ஜைத் தூக்கியிருக்கும்; அதனால் நரம்புக்கும் விரல்பலகைக்கும் உள்ள இடைவெளி (ஆக்‌ஷன்) கூடியிருக்கும். கத்திரி வெயிலில் "கழுத்தோரம் கையைக் கீறுகிறது" என்று வருவார்கள். விரல்பலகை சுருங்கி, அதில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதல் வகைக்கு நான் பெரும்பாலும் எதுவும் செய்வதில்லை, தை வந்தால் தானாக இறங்கும். வெடித்து வருவது இரண்டாவது வகை.

பெரிய கிடார் கம்பெனிகள் பட்டறையை 45-இலிருந்து 50-க்குள் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

மேலூர்_தச்சர்

கம்பெனி உலகம் முழுக்க அனுப்புகிறான், அவனுக்கு 45 வேண்டும். இந்தத் தம்பியின் கிடார் பழங்காநத்தத்திலேயே இருக்கப்போகிறது. இங்கே வருஷத்தில் பாதி நாள் காற்று 60-க்கு மேல். ஊர்க்காற்றில் காய்ந்த மரத்தில், ஊர்க்காற்றிலேயே செய்தால் அதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். கதவு நிலை வைக்கும்போது அப்படித்தான் செய்கிறோம். நாலு பருவத்தையும் பார்த்த மரம் அடங்கிப்போகும்.

அப்புறம், எல்லாரும் ஈரத்தையே பேசுகிறீர்கள், வயதைப் பேசவில்லை. நாதஸ்வரம் செய்கிற நரசிங்கம்பேட்டையில் புது ஆச்சா மரத்தைத் தொடவே மாட்டார்கள். பழைய வீடு இடிக்கும்போது வருகிற தூணும் உத்திரமும்தான் வேண்டும் என்பார்கள். சும்மாவா சொல்கிறார்கள்? காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளில் இறக்கிய பர்மா தேக்கை நான் இழைத்திருக்கிறேன். இழைப்புளி போகிற சத்தமே வேறு. மறுநாள் வந்து பார்த்தால் இழைத்த முகம் அப்படியே தட்டையாக இருக்கும்.

வைகைக்கரை_பொறியாளர்

ஐயா, வயது விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். பழைய மரத்தில் இரண்டு நடக்கிறது. வளரும்போதும் அறுத்துக் காயும்போதும் உள்ளே தங்கிய இறுக்கம் பல பருவங்களில் தளர்ந்துவிடுகிறது. நீங்கள் மறுநாள் பார்த்த தட்டைத்தன்மை அதுதான். இன்னொன்று, ஈரத்தை அதிகம் குடிக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற பகுதி காலப்போக்கில் மெல்லச் சிதைகிறது. அதனால் பழைய மரம் அதே காற்றில் கொஞ்சம் குறைவாக ஈரம் வாங்கும். இப்போது ஆக்சிஜன் இல்லாமல் மரத்தை வறுத்து விற்கிறார்களே, அதுவும் இதே மாற்றத்தைச் சூட்டால் சீக்கிரம் கொண்டுவரும் முயற்சிதான்.

ஆனால் நூறு வருஷத் தேக்கும் ஈரம் வாங்கத்தான் செய்யும். குறைவாக வாங்கும், அவ்வளவுதான். ஒட்டும் அன்றைய ஈரக்கணக்கிலிருந்து அதற்கும் விலக்கு இல்லை.

ஊர்க்காற்றில் செய்வது பற்றி மட்டும் மாறுபடுகிறேன். கதவு நிலை மூட்டுகளில் அசைய இடம் இருக்கிறது. கிடாரில் இரண்டரை மி.மீ. கனத்துக்கு இழைத்த பலகை நாலு பக்கமும் ஒட்டப்பட்டு, குறுக்கே குச்சிகளோடு மாட்டிக்கொண்டிருக்கிறது. காய்ந்த நிலையில் ஒட்டியது ஈரக்காற்றுக்குப் போனால் பலகை விரிந்து மேலே குவியும். ஆக்‌ஷன் ஏறும், சத்தம் கொஞ்சம் மந்தமாகும், காற்று மாறினால் திரும்பிவிடும். ஈரத்தில் ஒட்டியது காய்ந்தால் குவிவு தட்டையாகி, பிறகு குழிந்து, நார் ஓட்டத்தின் வழியே வெடிக்கும். மரம் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்குக் குறுக்கு இழுப்பைத் தாங்காது. மதுரையில் ஐப்பசியும் உண்டு, சித்திரையும் உண்டு. தம்பி வீட்டு ஏசியும் உண்டு. சித்திரை மதியத்தைத் தாங்கும்படி ஒட்டினால் ஐப்பசியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இதைத் தலைகீழாகச் சொல்ல முடியாது.

சிம்மக்கல்_நரம்பு

இதை நான் மேசையில் தினமும் பார்க்கிறேன். வீங்கி வந்தவை திரும்பி வீட்டுக்குப் போகின்றன. வெடித்து வந்தவற்றுக்கு உள்ளே துண்டு மரம் ஒட்டித் தைக்க வேண்டியிருக்கிறது.

மேலூர்_தச்சர்

அந்தக் கடைசி விளக்கம் எனக்குப் புரிகிறது. நிலைக்கு இடம் இருக்கிறது, கிடாருக்கு இல்லை. சரி, பலகையை ஊர்க்காற்றில் அடக்கி வைப்பது என் வழி, ஒட்டுவதற்கு முன் காயவைத்து இறக்குவது உங்கள் வழி. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை. முதலில் இது, அப்புறம் அது.

தஞ்சை_பலா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நத்தத்துப் பலாப் பலகை என்று படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் பக்கத்தில் வீணைக்குப் பலாதான். ஒரே கட்டையில் குடைந்தால் ஏகாண்ட வீணை. பலா கிடாரின் பின்பலகைக்கும் சைடுக்கும் நன்றாக வரும். ஈட்டியை விடக் கனம் குறைவு, நிறம் மஞ்சளிலிருந்து வருஷம் போகப்போகத் தேன் பழுப்புக்கு மாறும். ஆனால் பச்சைப் பலகையை அப்படியே படுக்கையறையில் ஸ்ப்ரூஸோடு சேர்த்து அடுக்காதீர்கள். அது விடுகிற ஈரம் காய்ந்த பலகைகளுக்குத்தான் போகும்.

முனைகளை இன்றே அடையுங்கள். மரத்தின் குழாய்கள் எல்லாம் முனையில்தான் திறந்திருக்கின்றன. முகத்தை விட முனை பத்து மடங்குக்கும் மேல் வேகமாகக் காயும், அதனால்தான் வெடிப்பு எப்போதும் முனையில் தொடங்குகிறது. மெழுகை உருக்கித் தோய்க்கலாம். அலுமினியப் பெயின்ட் இரண்டு கோட் அடிக்கலாம். ஒன்றும் இல்லையென்றால் ஃபெவிக்காலைக் கெட்டியாகப் பூசினாலும் நிற்கும். ஏற்கெனவே மயிரிழை வெடிப்பு விழுந்திருந்தால் அந்த ஓரிரு அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பூசுங்கள், வெடிப்பின் மேல் பூசி ஒரு பயனும் இல்லை. பிறகு நிழலில், காற்றோட்டமான தாழ்வாரத்தில், வெயில் நேரே படாமல்.

பூச்சி எச்சரிக்கை ஒன்று. பலாவின் வைரத்தை (உள்ளே இருக்கும் கெட்டிப் பகுதியை) பூச்சி தொடுவது அரிது, வெளியே இருக்கும் வெள்ளைப் பகுதியை விடாது. பலகையில் வெள்ளை ஓரம் இருந்தால் கழித்துவிடுங்கள்.

பழங்காநத்தம்_கிடார்

பூச்சி என்றதும் நினைவு வந்தது. ஈட்டி ஜோடியின் ஒரு ஓரத்தில் அரை அங்குலம் வெள்ளை இருக்கிறது. அதில் குண்டூசித் தலை அளவு இரண்டு ஓட்டை, தட்டினால் மைதா மாதிரி மாவு விழுகிறது. பழைய ஓட்டையா, உயிரோடு பூச்சி இருக்கிறதா?

மேலூர்_தச்சர்

கறுப்புத் தாள் விரித்து அதன்மேல் பலகையை நிறுத்து. அசைக்காமல் நாலு நாள் விடு. புதிதாக மாவு விழுந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. உளுத்த மரத்தை மற்ற மரத்திடமிருந்து முதலில் பிரி. வெள்ளைப் பகுதியில் உள்ள மாவுச்சத்துதான் அந்த வண்டுக்குத் தீனி. அந்தக் காலத்தில் வேம்பையும் பூவரசையும் கண்மாயில் மாதக்கணக்கில் ஊறப்போட்டதற்கும் அதுதான் காரணம், சத்து தண்ணீரில் கரைந்துபோகும். ஸ்ப்ரூஸை இந்த வண்டு தொடாது, அதில் நிம்மதியாக இரு.

அரை அங்குல வெள்ளைதானே, கிடார் வடிவத்துக்கு வெளியே போகிறதா என்று பார். போனால் இன்றே அறுத்து அடுப்பில் போட்டுவிடு.

சிம்மக்கல்_நரம்பு

அறுத்த பிறகும் சந்தேகம் இருந்தால் பலகையைப் பிளாஸ்டிக்கில் இறுக்கமாகச் சுற்றி, மைனஸ் 18-க்குப் போகும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். ஐஸ்கிரீம் கடை வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால் வசதி. வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான். இல்லையென்றால் குளிர்ந்த மரத்தில் நீர் கோத்துக்கொள்ளும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் கனமான கட்டைகளுக்கு நல்லது. இழைக்கப்போகும் மெல்லிய பலகையை மறுபடி நனைக்க வேண்டாம்.

கொடைரோடு_தோட்டம்

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். முதலாவது, ஈட்டிக்கு ரசீது வைத்திருக்கிறீர்களா? 1994-இல் ஈட்டிக்கென்றே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. "பட்டா நிலத்து மரம்தான், கேள்வி வராது" என்று யாராவது விலை குறைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். வனத்துறை ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து, காகிதத்தோடு வாங்குவதுதான் சரி. தவிர, ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் (முதல் பட்டியலில் உள்ள பிரேசில் ஈட்டி தவிர) 2017 ஜனவரி 2 முதல் சைட்டீஸ் என்ற, அருகிவரும் உயிரின வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2019 நவம்பர் முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு, பலகைக்குக் கிடையாது. வெளிநாட்டு நண்பருக்கு ஒரு ஜோடி அனுப்பலாம் என்று நினைக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இரண்டாவது, பழனி மலைச் சரிவில் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் ஏராளம். ஆஸ்திரேலியாவில் இதே மரத்தில் கிடார் செய்கிறார்கள், அங்கே இதற்குப் பெயர் சில்க்கி ஓக். ஆரத்திசையில் அறுத்தால் முகம் முழுக்கப் பளபளவென்று செதில் செதிலாக ரேகை விழும். இங்கே இதைப் பெட்டிக்கும் விறகுக்கும் விட்டுவிடுகிறோம் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. இழைக்கும்போது முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அவசியம். அந்தச் சாறும் தூளும் பலருக்குத் தோலில் கொப்புளம் வரவைக்கும். ஈட்டித் தூளும் சிலருக்கு அப்படித்தான்.

பழங்காநத்தம்_கிடார்

ரசீது இருக்கிறது சார். ஏல மரம் என்று எழுதியே கொடுத்தார்கள். வெள்ளை ஓரத்தை அறுத்துவிட்டேன், கறுப்புத் தாளில் மாவு விழவில்லை.

இப்போது பெரிய கேள்வி. வெளியே அடைமழை. படுக்கையறையில் ஏசி ஓடும்போது 55, நிறுத்தினால் காலைக்குள் 70. இதில் 45-க்கு எப்படி இறக்குவது? ஈரமகற்றி இயந்திரம் வாங்கும் அளவுக்கு இப்போது வசதி இல்லை.

வைகைக்கரை_பொறியாளர்

தேவையும் இல்லை. காற்றிலிருந்து தண்ணீரை எடுக்காமலே ஒப்பு ஈரப்பதத்தை (மானி காட்டும் சதவீதத்தை) குறைக்கலாம், சூடேற்றினால் போதும். 25 டிகிரியில் 70 சதவீதம் இருக்கும் காற்றை அப்படியே 32 டிகிரிக்குக் கொண்டுபோனால் அது 47 ஆகிவிடும். 26 டிகிரியில் 80 இருந்தால் 36 டிகிரிக்குப் போக வேண்டும், அப்போது 45. மொத்தத்தில் ஏழிலிருந்து பத்து டிகிரி கூடுதல் சூடு.

பழைய மர பீரோ ஒன்று, அல்லது பிளைவுட்டில் ஒரு பெட்டி. அடியில் ஒரு 40 வாட் குண்டு பல்பு. இப்போது குண்டு பல்பு மளிகைக்கடையில் கிடைப்பதில்லை. கோழித்தீவனக் கடையில் குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க விற்பார்கள். பல்புக்கும் முதல் பலகைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு கட்டாயம், பல்பைச் சுற்றி ஓர் அடிக்கு மரமே இருக்கக் கூடாது. கம்ப்யூட்டர் விசிறி ஒன்று மெதுவாகச் சுழலட்டும், இல்லையென்றால் கீழே காய்ந்து மேலே ஈரமாக இருக்கும். முட்டை பொரிக்கும் இன்குபேட்டருக்கு விற்கும் ஈரப்பதக் கட்டுப்பாட்டு எலக்ட்ரானிக் போர்டு ஒன்று இணைத்துவிட்டால் 45-க்குக் கீழே போனதும் பல்பு அணையும், 48-இல் மறுபடி எரியும். முதல் சில நாள் நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

சித்திரையில் எதிர்க்கவலை. வெளிக்காற்றே 30-க்கு இறங்கும் மதியங்கள் உண்டு. அப்போது பல்பை அணைத்துவிட்டு, பெட்டியை மூடி, 49 சதவீதத்துக்கென்று விற்கும் இருவழி ஈரப்பைகள் (ஈரம் கூடினால் வாங்கும், குறைந்தால் விடும்) இரண்டு உள்ளே போட்டால் நிலையாக நிற்கும்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்துவது எடை. ஊசி குத்தும் ஈரமானியை டாப் பலகையில் குத்தாதீர்கள். அந்தக் கருவிகள் பெரும்பாலும் டக்ளஸ் ஃபிர் மரத்துக்கு அளவு வைத்தவை, ஈட்டியில் வேறு எண் காட்டும். சமையலறைத் தராசு, ஒரு கிராம் துல்லியம் இருந்தால் போதும். உங்கள் ஸ்ப்ரூஸ் பலகை ஒன்று 240 கிராம் பக்கம் இருக்கும். மர ஈரம் ஒரு சதவீதம் மாறினால் எடை இரண்டு கிராமுக்குச் சற்று மேல் மாறும், தராசு அதைக் காட்டிவிடும். பலகை ஓரத்தில் பென்சிலால் தேதியும் எடையும் எழுதுங்கள். எடை இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்று, அடுத்தடுத்த சில நாளும் அசையாவிட்டால் பலகை பெட்டியின் காற்றோடு ஒத்துவிட்டது என்று அர்த்தம். ஸ்ப்ரூஸ் சீக்கிரம் வந்துவிடும், ஈட்டி இழுத்தடிக்கும்.

உண்மையான ஈரம் தெரிய வேண்டுமென்றால், கழித்த துண்டு ஒன்றை எடைபோட்டு, 103 டிகிரி ஓவனில் எடை இறங்குவது நிற்கும் வரை வைத்து, மறுபடி எடைபோடுங்கள். 56 கிராம் துண்டு 50-இல் நின்றால், போன ஆறை 50-ஆல் வகுக்க வேண்டும்: 12 சதவீதம். 56-ஆல் வகுப்பது பலர் செய்யும் தவறு.

மேலூர்_தச்சர்

கழுத்துக்கட்டையை மறந்துவிடாதே. இரண்டரை அங்குல மகாகனியின் வெளிப்புறம் காய்ந்தாலும் நடுவில் ஈரம் நிற்கும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்று சொல்கிற கணக்கெல்லாம் குளிர் நாட்டுக்கு. நம் வெயிலில் அவ்வளவு ஆகாது, ஆனாலும் அவசரப்படக் கூடாது. கழுத்து வடிவத்தை கால் அங்குலம் கூட வைத்து முரட்டடியாக அறுத்து, கொஞ்ச நாள் பெட்டியில் விடு. உள்ளே இறுக்கம் இருந்தால் அறுத்ததும் கோணும். கோணி முடித்த பிறகு நேராக இழைத்து மறுபடி விடு. இரண்டாம் தடவையும் கோணினால் அந்தக் கட்டை கழுத்துக்கு ஆகாது, வேறு எதற்காவது வைத்துக்கொள். உள்ளே கம்பி போட்டு இழுத்துச் சரிசெய்யலாம் என்று நம்பி மோசமான கட்டையில் உழைப்பைப் போடாதே.

பழங்காநத்தம்_கிடார்

மார்கழி வந்துவிட்டது, நிலவரம் சொல்கிறேன். அண்ணன் வீட்டில் சும்மா கிடந்த பீரோவைப் பெட்டியாக்கினேன். உப்புச் சோதனையில் மானி நாலு குறைத்துக் காட்டியது, அதைக் கூட்டித்தான் எல்லா அளவும். ஸ்ப்ரூஸ் பலகைகள் 247, 244 கிராமில் உள்ளே போயின. இப்போது 236, 233-இல் நின்றுவிட்டன. ஈட்டி இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. கழுத்துக்கட்டையை முரட்டடியாக அறுத்ததில் ஒரு பக்கமாக லேசாகக் கோணியது, இழைத்துவிட்டு மறுபடி உள்ளே வைத்திருக்கிறேன்.

இரண்டு ஸ்ப்ரூஸ் பலகையையும் சேர்த்து ஓரம் இழைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். மூட்டில் ஒளி தெரியவில்லை. இனி ஒட்டலாமா? எந்தப் பசை?

சிம்மக்கல்_நரம்பு

ஒட்டலாம். ஓரம் இழைத்த அன்றே ஒட்டிவிடுங்கள், இரவு தாண்டினால் அந்த நேர்த்தி இருக்காது. வச்சிரம் (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை) காய்ச்சத் தெரிந்தால் வச்சிரம். காய்ந்த பின் கண்ணாடி போல இறுகும், பாரத்தில் நகராது, நாளைக்குப் பழுது பார்க்க வேண்டியிருந்தால் சூடும் ஈரமும் கொடுத்துப் பிரிக்கலாம். அதன் பலவீனமும் அதேதான்: சூடும் ஈரமும் சேர்ந்தால் இளகும். பழக்கம் இல்லையென்றால் கருவிகளுக்கென்று வரும் மஞ்சள் பசை போதும். எந்தப் பசையானாலும் சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடாரை விடக் கூடாது.

மேலூர்_தச்சர்

வச்சிரம் என்றால் ஒன்று. காய்ச்சும் பாத்திரத்தை நேரே அடுப்பில் வைக்காதே, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வை. 60 டிகிரி பக்கம் இருந்தால் போதும், கொதித்தால் பசை செத்துவிடும். பலகை ஓரத்தையும் லேசாகச் சூடுகாட்டிக்கொள், நம்மூர் மார்கழிக் குளிரிலும் அது சட்டென்று உறையும்.

வைகைக்கரை_பொறியாளர்

பசையிலேயே தண்ணீர் இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். ஒட்டிய இடம் ஈரம் வாங்கி உப்பியிருக்கும். அன்றே மூட்டைத் தட்டையாக இழைத்துவிட்டால், அந்த ஈரம் போன பிறகு மூட்டு வழியே பள்ளம் விழும். கிளாம்ப் எடுத்ததும் பலகையைப் பெட்டிக்குள் திருப்பி அனுப்புங்கள், எடை பழைய இடத்துக்கு வந்து நின்ற பிறகு இழையுங்கள். பிரேஸ் ஒட்டும்போதும் இதே முறை. பிரேஸ் குச்சிகளுக்கான ஸ்ப்ரூஸ் எங்கே இருக்கிறது? அதை எங்கும் சொல்லவில்லையே.

பழங்காநத்தம்_கிடார்

அலமாரி மேல் இருந்தது சார். இப்போது பெட்டிக்குள் வைத்துவிட்டேன், எடையும் எழுதியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மூட்டை ஒட்டுகிறேன். குச்சிகளின் எடை நின்றதும் பிரேஸிங்குக்குத் தனி இழை தொடங்குகிறேன்.